அக்கரைப் படிப்பு

எங்கள் ஊரான பத்துபஸ்தி, அந்தமான் தலைநகர் போர்ட் பிளேரிலிருந்து காராச்சர்மா போகும் பக்கம் இருக்கிறது. தலைநகருக்கு 2024-ல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிவிட்டாலும் எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான் வருகிறது. அப்பா எழுபதுகளில் பரமக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, அந்தமான் பொதுப்பணித் துறையில் மஸ்தூர் வேலையில் சேர்ந்தவர். எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் வங்காளிக் குடும்பம், மறுபக்கம் ராஞ்சிக்காரர்கள், எதிரே தெலுங்குக்காரர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி. பங்குனி உத்திரத்துக்கு வெற்றிமலை முருகன் கோயில், துர்கா பூஜைக்குப் பக்கத்து வீட்டுப் பந்தல். இப்படித்தான் வளர்ந்தோம். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மொத்த மக்கள்தொகை 3,80,581. அதில் சுமார் 15 சதவீதம் பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

நான் பி.ஏ. படித்தது ஜவஹர்லால் நேரு ராஜ்கீய மகாவித்யாலயாவில். 1967-ல் தொடங்கிய அந்தக் கல்லூரிதான் தீவுகளின் முதல் கல்லூரி. ஆரம்பத்தில் அது சண்டிகரில் இருக்கும் பஞ்சாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது, பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. எனவே எங்களுக்கு வகுப்பு இக்கரையில் என்றாலும் கேள்வித்தாளும் மதிப்பெண் பட்டியலும் பட்டமும் அக்கரையிலிருந்து வரும். டாக்டராக நினைத்தவர்களுக்கு இந்த வசதிகூட இல்லை. 2015-ல் மருத்துவக் கல்லூரி வரும்வரை தீவுகளில் ஒருவர்கூட இங்கேயே இருந்து டாக்டருக்குப் படிக்க முடியாமல் இருந்தது. ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் மெயின்லேண்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

பட்டம் தரும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே போய், அதன் பெரிய நூலகத்தில் உட்கார்ந்து வரலாறு படிக்க வேண்டும் என்பது என் ஆசை. நுழைவுத் தேர்வு எழுதினேன். 2003-ல் எம்.ஏ. வரலாற்றுக்கு இடம் கிடைத்தது. ஒரே நாட்டுக்குள் இருக்கும் இன்னொரு ஊர்தான். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். ஆனால் எங்கள் தெருவில் அந்தச் செய்தி வெளிநாட்டுக்குப் போகிற சேதியாகத்தான் பரவியது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் நாலே கால் மணி நேரம். போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். விமான டிக்கெட் எங்கள் வீட்டு வருமானத்துக்கு எட்டாது. கப்பல்தான்.

"பொட்டப்புள்ளையக் கடல் தாண்டி அனுப்புறியா? திரும்பி வரணும்னா நெனச்ச நேரத்துக்கு வர முடியுமா?" என்று அப்பாவோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. அம்மாவுக்கும் அதே பயம்தான்.

அப்பா நிதானமாகச் சொன்னார்: "நான் வந்த கடல்தானண்ணே. மம்பட்டி புடிக்க நான் இந்தப் பக்கம் வந்தேன். படிக்க அவ அந்தப் பக்கம் போறா. போயிட்டு வரட்டும்."

அதன் பிறகு வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

தீவில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும், பயணம் என்பது டிக்கெட் எடுப்பதில் தொடங்குவதில்லை, கப்பல் தேதிக்குக் காத்திருப்பதில் தொடங்குகிறது. அப்போது சென்னைக்கு மாதத்தில் மூன்று நான்கு கப்பல் போனால் அதிகம். காலையில் 'டெய்லி டெலிகிராம்ஸ்' பத்திரிகையில் கப்பல் செய்தியைப் பார்ப்போம். வானொலியில் கப்பல் அறிவிப்பு வந்தால் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நிற்பார். தேதி அறிவித்ததும் ஃபீனிக்ஸ் பே கவுன்டரில் விடிவதற்கு முன்பே வரிசை. தீவுவாசி என்பதற்கான ஐலண்டர் கார்டு இருந்தால் சலுகைக் கட்டணம். அந்தச் சலுகைதான் என்னைப் போன்ற எத்தனையோ பேரைப் படிக்க வைத்தது. மானியக் கட்டணத்தில் ஓடும் அந்தக் கப்பல்களைப் பற்றி யார் குறை சொன்னாலும், தீவுப் பிள்ளைகளின் படிப்புக்கு அவை செய்ததைச் சொல்லாமல் பேசக்கூடாது என்பேன்.

ஜூலையில் ஹாடோ துறைமுகத்திலிருந்து கிளம்பினேன். தென்மேற்குப் பருவக்காற்று முழு வேகத்தில் இருந்த சமயம். எனக்குக் கிடைத்தது கீழ்த்தளத்தில் பங்க் வகுப்பு. ஒன்றன்மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள், வரிசை வரிசையாக. டீசல் வாடையும் பெயின்ட் வாடையும் கலந்த காற்று. அணைக்காத டியூப்லைட். எனக்குக் கீழ்க் கட்டிலில் மாயாபந்தரிலிருந்து வந்த ஒரு பெரியம்மா. வேலூர் ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். கப்பல் திறந்த கடலுக்கு வந்து உருளத் தொடங்கியதும் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். கீழே இறங்கி வரச் சொல்லித் தன் கட்டிலில் என்னைப் படுக்க வைத்தார். "வயித்தக் காலியா விடாத தாயி. அவல் தின்னு. மேல்கட்டுல படுத்தா ஆட்டம் ஜாஸ்தி" என்று ஒரு டப்பாவிலிருந்து வறுத்த அவலை எடுத்துக் கையில் கொட்டினார். தன் நோயைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வழியெல்லாம் என் படிப்பைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டு வந்தார்.

அந்தக் கப்பலில் இருந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போலப் படிக்கவோ அவரைப் போல வைத்தியத்துக்கோ போகிறவர்கள்தான். ஒரு தீவுக்கு மெயின்லேண்ட் எதற்குத் தேவைப்படுகிறது என்பதை அந்தப் பங்க் வகுப்பைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

சென்னைத் துறைமுகத்தில் இறங்கி ராஜாஜி சாலைக்கு வந்தபோது தரை ஆடியது. அன்றிரவு விடுதியிலும் கட்டில் உருளுவது போலவே இருந்தது. கப்பலில் வந்தவர்கள் எல்லோருக்கும் இது உண்டு. ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

புதுவைப் பல்கலைக்கழகம் ஊருக்கு வடக்கே காலாப்பட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. நான் அங்கே முதலில் தடுமாறியது பாடத்தில் அல்ல, பொழுதில். எங்கள் ஊரில் ஜூலை மாதம் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். டிசம்பரில் ஐந்து மணிக்கே விளக்கேற்ற வேண்டும். காலாப்பட்டிலோ ஆறரை மணிக்கும் வெளிச்சம். கடிகாரம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான், ஆனால் சூரியன் எங்களிடம் சுமார் ஐம்பது நிமிடம் முந்தி வந்து முந்திப் போகிறது. வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு இங்கே பிள்ளைகள் மைதானத்தில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். அந்த ஐம்பது நிமிடத்தில்தான் வீட்டு நினைப்பு அதிகம் வரும்.

வரைபடத்தில் பார்த்தால் காலாப்பட்டும் பத்துபஸ்தியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் வருகின்றன. கரையில் நின்று நேர் கிழக்கே பார்த்தால், சுமார் 1,400 கிலோமீட்டருக்கு நடுவில் நிலம் என்று எதுவும் இல்லை. அதற்கப்பால் எங்கள் தீவு. அறைத்தோழிகளிடம் இதைச் சொன்னபோது, "அப்ப உங்க ஊர்ல உதிச்சுட்டுத்தான் எங்க ஊருக்கு வருதா சூரியன்?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன். அதில் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

மற்றக் கேள்விகள் அவ்வளவு இனிமையாக இருக்கவில்லை. "அந்தமானா? ஜெயில் இருக்குமே, அங்கயா?" "ஆதிவாசிங்க அம்பு விடுவாங்களாமே?" "உனக்கு எப்படித் தமிழ் தெரியும்?" கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் படித்த பாடப்புத்தகத்தில் அந்தமான் என்றால் செல்லுலார் சிறை, அத்தோடு முடிந்தது. நான் கோபித்துக்கொள்ளாமல் சொல்லுவேன்: சிறை 1906-ல் கட்டி முடிந்தது, இப்போது நினைவுச்சின்னம். ஜாரவா மக்கள் அவர்கள் காட்டில் அவர்கள் வாழ்க்கையை வாழ்கிறார்கள், அவர்களை வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது. நாங்கள் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் ஸ்டாப் என்று உங்களைப் போலவே வாழ்கிறோம்.

தமிழ் விஷயம்தான் எனக்கே புதிது. நான் பேசுவது அப்பா கொண்டுவந்த ராமநாதபுரத்துத் தமிழ், நடுநடுவே எங்கள் ஊர் இந்தி. சிவகங்கையிலிருந்து வந்த தோழி ஒருத்தி, "எங்க அப்பத்தா பேசுற மாதிரிப் பேசுற" என்றாள். அவள் வீட்டில் பேச்சு காலத்தோடு மாறிவிட்டது. எங்கள் வீட்டிலோ அப்பா கப்பலேறிய வருஷத்துத் தமிழ் அப்படியே இருந்தது. தாய்மொழி பேசும் ஊருக்கு வந்து, அங்கே வெளியாளாக நிற்பது ஒரு தனி அனுபவம். மலேசியாவிலும் இலங்கை மலையகத்திலும் இருந்து தமிழ்நாட்டுக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

விடுதியில் என்னை முழுக்கப் புரிந்துகொண்டவள் லட்சத்தீவுப் பெண் ஒருத்திதான். அவளுக்கும் கப்பல், அவளுக்கும் தேதி, அவளுக்கும் மழைக்காலத்தில் ரத்தாகும் பயணம். அவள் கொச்சிக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும், நான் சென்னைக்கு. நாட்டின் மேற்கே ஒரு தீவு, கிழக்கே ஒரு தீவு. எங்கள் இருவரின் பிள்ளைப் பருவமும் அச்சு அசலாக ஒன்று போல இருந்தது. அவள் டிரங்குப் பெட்டியில் மாசிக் கருவாடு, என் பெட்டியில் மீன் ஊறுகாய். பிற பிள்ளைகள் பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும்போது நாங்கள் இருவரும் விடுதியில் இருப்போம். பத்து நாள் விடுமுறையில் போகவரக் கடலிலேயே ஆறு நாள் போய்விடும்.

பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர். புதுவையின் அன்றாடத்தை நாட்குறிப்பாக எழுதிவைத்தவர் பெயரில் ஒரு நூலகம் இருப்பதே வரலாறு படிப்பவர்களுக்கு ஒரு பாடம். என் ஊரைப் பற்றிய புத்தகங்களை அங்கேதான் முதன்முதலாக ஒரே இடத்தில் பார்த்தேன். 1858 மார்ச்சில் வாக்கர் என்ற அதிகாரியோடு கைதிகள் வந்திறங்கியது முதல், 1942-ல் ஜப்பானியர் பிடித்தது, 1945-ல் அவர்கள் போனது வரை பக்கம் பக்கமாக இருந்தது. சிறை பற்றி ஆர்.சி. மஜும்தார் எழுதிய நூலை இரண்டு முறை படித்தேன்.

ஆனால் நான் புரட்டிய எதிலும் என் அப்பா இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு கிழக்கு வங்காளத்து அகதிகள் குடியேறியது சில பக்கங்களில் வந்தது. காடு வெட்ட வந்த ராஞ்சிக்காரர்கள் ஒரு பத்தியில் வந்தார்கள். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களைக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தியது ஒரு வரியில் வந்தது. ரோடு போட, கட்டடம் எழுப்ப, கப்பலில் வந்து இறங்கிய தமிழ்க் கூலித் தொழிலாளிகளைப் பற்றி எதுவும் இல்லை. எங்கள் தெருவில் நாங்கள் நடக்கிற தார் ரோடே அவர்கள் போட்டதுதான்.

என் ஆய்வுக் கட்டுரைக்கு அதையே எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பினேன். அவர் ஐந்தாவது வரை படித்தவர். இன்லேண்ட் லெட்டரில், மடிப்புக்குள்ளும் இடம் விடாமல், பென்சிலால் பதில் எழுதுவார். "மெட்ராஸ் ஹார்பரில் கப்பலுக்குப் படுத்துக் கிடந்தோம். ஏஜென்டு ஆளுக்கு ஒரு கம்பளி கொடுத்தான், அதற்கும் சம்பளத்தில் பிடித்தான். இறங்கின அன்று மழை. பதினோரு மாசம் விடாத மழை என்று சொன்னார்கள், பயந்துவிட்டேன்" என்று ஒரு கடிதத்தில் இருந்தது. இன்னொன்றில், தன்னோடு ஒரே கப்பலில் வந்தவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி, யார் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று குறித்திருந்தார். அப்பா தன் வாழ்க்கையை வாய்திறந்து சொன்னவர் அல்லர். நடுவில் கடல் இருந்ததால்தான் கடிதம் எழுதினார், கடிதம் எழுதியதால்தான் எனக்கு அவர் கதை கிடைத்தது. அக்கரைப் படிப்பு எனக்குக் கொடுத்ததில் ஆகப் பெரிது இதுவே.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. விடுமுறைக்கும் கப்பல் தேதிக்கும் ஒத்து வராததால் நான் விடுதியில்தான் இருந்தேன். காலை ஆறரை மணிக்கு சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடியில் பூகம்பம். ஒன்பது மணிவாக்கில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று கத்திக்கொண்டு காலாப்பட்டு மீனவர் குப்பத்து மக்கள் சாலைக்கு ஓடிவந்தார்கள். ஈரச் சேலையோடு, கையில் கிடைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்களுக்கு நாங்கள் விடுதியிலிருந்து போர்வையும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இந்த அலை கிழக்கிலிருந்து வந்திருக்கிறது. இங்கே வருவதற்கு முன்பே எங்கள் ஊரைத் தொட்டிருக்கும்.

எஸ்.டி.டி. பூத்தில் நின்றேன். போர்ட் பிளேர் எண் எதுவும் கிடைக்கவில்லை. டி.வி.யில் கார் நிக்கோபார் விமானப்படைத் தளம் அழிந்துவிட்டதாகச் சொன்னார்கள். பத்துபஸ்தி என்ற பெயரை எந்தச் சேனலும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். பூத்துக்காரர் காசு வாங்காமல் எனக்காக ரீடயல் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தார். நாட்கள் கழித்து, எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் வேலை செய்யும் ஆபீசிலிருந்து ஒரு கால் வந்தது. அப்பாவின் குரல், இரைச்சலுக்கு நடுவே: "வீடு இருக்கு. எல்லாரும் இருக்கோம். நீ சாப்பிட்டியா?" அவ்வளவுதான் பேசினோம், லைன் போய்விட்டது.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மட்டும் 3,500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அடுத்த கோடையில் ஊருக்குப் போனபோது போர்ட் பிளேருக்கு அருகிலுள்ள சிப்பிகாட் பகுதியைப் பார்த்தேன். பூகம்பத்தில் தெற்கு அந்தமான் நிலமே தாழ்ந்துபோனதால், உள்ளே வந்த கடல் வெளியே போகவில்லை. நான் பள்ளிப் பருவத்தில் பார்த்த நெல்வயல் உப்புநீராகக் கிடந்தது. தலையில்லாத தென்னைகள் தண்ணீரில் நின்றன. எங்களுக்கு அரிசி கொடுத்துவந்த குடும்பம் அங்கே நிலம் வைத்திருந்தது. அந்த நிலம் இன்றுவரை திரும்பவில்லை.

படித்து முடித்து ஊருக்கே திரும்பினேன், ஆசிரியையாக. இருபது வருஷத்தில் எவ்வளவோ மாறியிருக்கிறது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி ஆப்டிக்கல் ஃபைபர் கேபிள் வந்தது, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். இப்போது என் மாணவிகள் மெயின்லேண்ட் விடுதியிலிருந்து வீடியோ காலில் அம்மாவிடம் குழம்புக்குப் பக்குவம் கேட்கிறார்கள். மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகமே ப்ரூக்ஷாபாத்தில் வளாகம் அமைத்துக் கடல் உயிரியலையும், சுனாமிக்குப் பிறகு பேரிடர் மேலாண்மையையும் கற்றுத் தருகிறது. இந்தப் பாடங்களைப் படிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. மெயின்லேண்ட் பிள்ளைகள் எங்கள் தீவுக்குப் படிக்க வருவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. படிப்புக்காகக் கடல் தாண்டுவது இரண்டு பக்கமும் நடக்க வேண்டும்.

இருந்தும் நிறையப் பிள்ளைகள் இன்னும் போய்த்தான் ஆக வேண்டியிருக்கிறது. போகட்டும், போக வேண்டும். ஆனால் கப்பல் தாமதத்தால் யாருடைய படிப்பும் கெடக்கூடாது. எங்கள் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் மெயின்லேண்டில் ஒரு கல்லூரியில் படித்தான். புயலால் கப்பல் நாலு நாள் தள்ளிப்போய், செமஸ்டர் தேர்வு தவறி, ஒரு வருஷத்தை இழந்தான். கப்பல் அலுவலகத்துச் சான்றைக் காட்டியும் அந்தக் கல்லூரியில் யாரும் கேட்கவில்லை. அந்த வருஷத்தை ஈடுகட்ட அவன் தந்தை வட்டிக்குக் கடன் வாங்கினார்.

மெயின்லேண்டில் கல்லூரி நடத்துகிறவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். அந்தமானிலிருந்தோ லட்சத்தீவிலிருந்தோ ஒரு பிள்ளை உங்களிடம் வந்தால், சேர்க்கை நாளிலேயே கப்பல் விவரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் தாமதத்துக்கான சான்றை மருத்துவச் சான்றைப் போல ஏற்றுக்கொள்ளுங்கள். சிறு விடுமுறைகளில் விடுதியையும் மெஸ்ஸையும் பூட்டிவிடாதீர்கள். பண்டிகை நாளில் உங்கள் வீட்டுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள்.

தீவுப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பெண் பிள்ளைக்கு அக்கரையில் இடம் கிடைத்தால் தயங்காமல் அனுப்புங்கள். நீங்கள் வந்த கதையை அவளுக்குக் கடிதமாக எழுதுங்கள். அவள் அதை எழுதிவைப்பாள்.